தொழிற்கூடத்தில் முதல் ஆண்டு: வாசகர் கேள்வி – பதில்

பெரிய உற்பத்தி நிறுவனங்களில் பொறியியல் பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக, சேர்ந்திருப்பவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். நிறுவனங்களின் பெயர்களைக் குறிப்பிட்டுக் குறை சொல்லியிருந்த இடங்களில் அப்பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: இயந்திரவியலில் பட்டயப் படிப்பு முடித்திருக்கிறேன். திருச்சியில் ஒரு பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையிலிருந்து ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே சமயத்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. வீட்டில் வேலைக்குத்தான் போகச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், அரியலூர்

பதில்: வீட்டில் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டயம் முடித்த பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பிலுள்ள தொகை எது என்பதைத் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிக் கணக்கிட்டாலும் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

ஆனால் இவ்விரண்டில் எது முதலில், எது பிறகு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் பெற்றுவிட்டவரைப் பட்டயப் பழகுநராகவோ பட்டதாரிப் பழகுநராகவோ சேர்த்துக்கொள்வதில்லை. பயிற்சியை முடித்துவிட்டுப் பட்டறை வேலைக்குப் போகலாம். பட்டறையில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்ப முடியாது. இந்த வாய்ப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது.

திருச்சி என்றதும் திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) உயர் அழுத்தக் கொதிகலன் ஆலைதான் நினைவுக்கு வருகிறது. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு எழுந்த ஆலை அது. அனல்மின் நிலையத்துக்கான கொதிகலன் ஒன்றின் பாகங்கள் அங்கே உருவாகும் வரிசையை நேரில் பார்ப்பவர், கல்லூரியில் தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்வார். கனமான தகட்டை உருளைகளுக்கிடையே வளைத்து டிரம் ஆக்குகிறார்கள். குழாய்களை வரிசையாகப் பற்றவைத்து நீர்ச்சுவர்ப் பலகைகளாக்குகிறார்கள். பற்றவைப்பினால் உலோகத்துக்குள் தங்கிய இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக உலையில் சூடாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைகளைத் தேடிக் கதிர்ப்படம் எடுக்கிறார்கள். கடைசியாக, வேலை அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் தண்ணீரை ஏற்றிச் சோதிக்கிறார்கள். இத்தனை கட்டங்களையும் தாண்டும்போது ஒவ்வொரு பாகத்தோடும் அதற்குரிய காகிதமும் கூடவே பயணப்படுகிறது. எந்தப் பற்றவைப்பாளர் எந்த மூட்டைப் பற்றவைத்தார், எந்தக் கம்பியைப் பயன்படுத்தினார், யார் பரிசோதித்து ஒப்புதல் கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகின்றன. இந்தப் பதிவு ஒழுங்கைச் சிறிய பட்டறையில் கற்றுக்கொள்வது கடினம்.

இதனால் பட்டறையைத் தாழ்வாக எண்ணிவிட வேண்டாம். உலோகத்தில் அளவுக் குறியிடுவது முதல் பெயின்ட் அடிப்பது வரை ஒரே ஆள் செய்யும் பட்டறையில் கைத்திறன் விரைவாகப் படியும். பெரிய ஆலையில் ஆறு மாதம் இருந்தும் ஒரு லேத்தைக்கூடத் தொடாமல் திரும்பியவர்கள் உண்டு. என்றாலும் உங்கள் வீட்டில் மாதத் தவணை கட்டியே ஆக வேண்டிய கடன் எதுவும் இல்லையென்றால், திருச்சிக்குப் போங்கள் என்பதே என் கருத்து. கடன் இருந்தால் பட்டறைக்குப் போவதில் தவறில்லை. அந்த முடிவுக்காக வருந்தவும் தேவையில்லை.

கேள்வி: எங்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பிடிப்பதில்லை. பாதிப் பணத்தைத்தான் நிறுவனம் தருகிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், மறைமலை நகர்

பதில்: 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அதன் 18ஆம் பிரிவில், பழகுநரைப் பயிற்சி பெறுபவர் என்றே வரையறுக்கிறது, தொழிலாளி என்று கொள்வதில்லை. அதனால் இச்சட்டப்படி பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கு வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை இல்லை. பணத்தைப் பொறுத்தவரை, பட்டயம், பட்டம் முடித்தவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அந்தப் பங்கு நேரடியாகப் பழகுநரின் வங்கிக் கணக்கிற்கே வரும் முறை 2024இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நிறுவனம் தர வேண்டிய பங்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா? பதிவே செய்யாமல், 'டிரெய்னி' என்று அடையாள அட்டை கொடுத்து, தொழிலாளியின் வேலையைச் செய்யச் சொல்லி, வைப்பு நிதியும் பிடிக்காமல் இருந்தால் அது வேறு கதை; அப்போது நீங்கள் தொழிலாளர் துறையை அணுகலாம்.

கேள்வி: கார் தொழிற்சாலையில் பட்டதாரிப் பழகுநராக இருக்கிறேன். நான்கு மாதமாக அசெம்பிளி லைனில் ஒரே ஸ்டேஷனில் அதே போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்தது இதற்காகவா என்று தோன்றுகிறது. கேட்டால், 'இதுவும் பயிற்சிதான்' என்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இவ்வகைக் கடிதங்களே மிகுதியாக வந்திருந்தன. உங்கள் மனக்குறை நியாயமானது. அதே சமயம் 'இதுவும் பயிற்சிதான்' என்ற பதிலிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லைனில் சில வாரங்கள் நிற்காத எவரும் நல்ல உற்பத்திப் பொறியாளர் ஆனதில்லை. ஒரு மணி நேரத்துக்கு 60 கார்கள் வெளிவர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் குனிந்து, எடுத்து, பொருத்தி, முறுக்கி, நிமிரும் உடலின் வலி என்னவென்று அறியாதவர், பின்னாளில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டேஷனில் இன்னொரு வேலையைச் சேர்க்கலாம் என்று எளிதாக எழுதிவிடுவார். நீங்கள் முறுக்கும் போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு டார்க் (முறுக்கு விசை) என்று நிர்ணயித்திருக்கிறார்கள், குறைவாக முறுக்கினால் என்ன ஆகும், கூடுதலாக முறுக்கினால் இழை ஏன் நீள்கிறது, முறுக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று யார் எப்போது சரிபார்க்கிறார்கள், பாகத்தைத் தலைகீழாகப் பொருத்தவே முடியாதபடி அதன் வடிவத்தில் என்ன தடை வைத்திருக்கிறார்கள், லைன் நின்றால் விளக்கு எரிந்ததும் முதலில் ஓடிவருபவர் யார், அவர் முதலில் எதைப் பார்க்கிறார் – இவற்றுக்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஸ்டேஷனில் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்த பிறகும் நான்கு மாதமாக அதே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், நிறுவனம் உங்களைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆளாகத்தான் பயன்படுத்துகிறது. இதை நான் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. ஆட்கள் குறைவாக உள்ள ஷிஃப்டில் பழகுநர்களை நிறுத்தி உற்பத்தி எண்ணிக்கையை ஈடுகட்டுவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பயிற்சி மையத்தில் இருப்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் மாலையில் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஷிஃப்ட் இன்சார்ஜின் குரல்தான் அங்கே ஓங்கி ஒலிக்கிறது.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பயிற்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று அதில் இருக்கும். அன்றாடம் செய்த வேலையைத் தேதியிட்டு லாக் புத்தகத்தில் எழுதுங்கள். 'அசெம்பிளி வேலை செய்தேன்' என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்த ஸ்டேஷன், என்ன பழுது வந்தது, எப்படித் தீர்த்தார்கள் என்று எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். பத்து வாரம் ஒரே ஸ்டேஷன் என்று அந்தப் புத்தகமே சொல்லும்போது நீங்கள் குரலை உயர்த்த வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு பயிற்சி மேலாளரிடம், 'அடுத்து மெயின்டனன்ஸ் அல்லது தரக் கட்டுப்பாட்டுக்கு மாற்றித் தாருங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுவது நல்லது; பொதுவாக 'மாற்றுங்கள்' என்று கேட்பவரைப் பெயின்ட் ஷாப்புக்கு அனுப்பிவிட்டுக் கோரிக்கை நிறைவேறியதாகக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதற்கும் பதில் வராவிட்டால் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கு எழுதலாம். ஒப்பந்தத்தில் எழும் கருத்து வேறுபாட்டை, அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகர் தீர்க்க வேண்டும் என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. அவருடைய முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

கேள்வி: டூல் ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில்) உள்ள மூத்த தொழிலாளர்கள் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. 'டிகிரி படித்தவர்தானே, உங்களுக்குத் தெரியாததா' என்று கிண்டல் செய்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

பதில்: அவர்களுடைய இடத்திலிருந்து பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக அதே மில்லிங் இயந்திரத்தில் நிற்பவர், பயிற்சிக்கு வந்து போகும் பொறியாளர்களை ஆண்டுதோறும் பார்க்கிறார். அவர்களில் சிலர் பின்னர் அவருக்கே மேலதிகாரியாக வந்து, அவரிடம் கற்றதை அவருக்கே கட்டளையாகச் சொல்லியிருப்பார்கள். கிண்டலுக்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது.

வாயால் கேட்டால் வராத பாடம், கூடவே நின்றால் வரும். காலையில் அவர் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விடும்போது நீங்களும் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அண்ணே, இந்த ஜாப்புக்கு இந்த ஸ்பீடு ஏன் வைத்தீர்கள்?' என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டதை அவர் கண்ணெதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் டூல் ரூமில் எல்லோரும் சேர்ந்து இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைக்கும்போது, அலுவலக ஊழியர்களோடு பொரி வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்காதீர்கள். அன்றைய ஒரு பகல், ஒரு மாதப் பேச்சுக்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. டூல் ரூமில் மதிப்புப் பெற ஒரே வழி அளக்கத் தெரிந்திருப்பது. வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01 மில்லிமீட்டர் என்று தேர்வில் எழுதியிருப்பீர்கள். ஆனால் பூஜ்யப் பிழையைப் பார்க்காமல் அளப்பது, இப்போதுதான் இயந்திரத்திலிருந்து இறங்கிய சூடான பாகத்தை அப்படியே அளப்பது, மைக்ரோமீட்டரின் முனையில் உள்ள ராட்செட்டைத் திருகாமல் நேராக அதன் உருளையான திம்பிளைப் பிடித்து முறுக்குவது ஆகிய மூன்றையும் முதல் வாரத்தில் செய்யாத புதியவர் அரிது. நீள அளவீட்டுக்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மே மாதத்து ஷாப் ஃப்ளோரில் அது எங்கே கிடைக்கும்? அதனால்தான் அளவீட்டு அறைக்கு மட்டும் ஏசி போட்டு, பாகத்தை அங்கே சில மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பிறகு அளக்கிறார்கள். ஒரே பாகத்தை நீங்களும் அவரும் தனித்தனியாக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்துவிட்டால், அன்றோடு கிண்டல் குறையும்.

கேள்வி: துளையிடும் இயந்திரத்தில் வேலை செய்யும்போது கையுறை அணியக்கூடாது என்று பயிற்றுநர் திட்டினார். பாதுகாப்புக்குத்தானே கையுறை? விபத்து நேர்ந்தால் எங்களுக்கு இழப்பீடு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பயிற்றுநர் சொன்னதே சரி. சுழலும் கருவியின் அருகே கையுறை ஆபத்து. கையுறையின் ஒரு நூல் டிரில்லில் சிக்கினாலும் அது விரலையும் சேர்த்து இழுத்துச் சுற்றிவிடும். வெறும் விரல் பட்டால் வெட்டுக்காயத்தோடு போகக்கூடியது, கையுறையோடு பட்டால் விரலே போய்விடும். தகட்டைத் தூக்கும்போது கையுறை வேண்டும், துளையிடும்போது கூடாது. தொங்கும் சட்டைக் கை, அடையாள அட்டையின் கயிறு, மோதிரம், கைக்கயிறு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றத் தயங்குவார்கள். ஷிஃப்ட் தொடங்கும்முன் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வதைச் சாமி குற்றமாகக் கொள்ளாது என்று நான் சொல்வதுண்டு. லேத்தின் சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவதும், உலோகச் சீவல்களைக் கையால் இழுப்பதும், உடையில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும் பயிற்சிக் காலத்திலேயே அறவே ஒழிக்க வேண்டிய பழக்கங்கள்.

பழகுநர் தொழிலாளி அல்ல என்று முன்னர்ச் சொன்னேன். ஆனால் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி ஆகியவற்றில் அவரையும் தொழிலாளிக்குச் சமமாகவே நடத்த வேண்டும் என்று தொழிற்பழகுநர் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. பயிற்சியின்போது பயிற்சியின் காரணமாகக் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பை 16ஆம் பிரிவு நிறுவனத்தின்மீது சுமத்துகிறது. ஆகையால் எவ்வளவு சிறிய காயமானாலும் முதலுதவி அறையின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 'இதற்கெல்லாம் எழுதினால் டிபார்ட்மென்டுக்குக் கெட்ட பெயர்' என்று யாராவது தடுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் மின்னணுவியல் பட்டயம் முடித்துவிட்டு வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறாள். விடுதியும் பேருந்தும் உண்டு என்கிறார்கள். ஷிஃப்ட் வேலை என்பதால் பயமாக இருக்கிறது. நான் என்னென்ன விசாரிக்க வேண்டும்?
– ஒரு தாய், துறையூர்

பதில்: அம்மா, நீங்கள் கேட்பது தேவையான கேள்வி. சேர்க்கும் முன் விடுதியை நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் பகலில் தூங்க முடிகிறதா என்று அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் விசாரியுங்கள். பேருந்து விடுதி வாசல்வரை வருகிறதா, நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுகிறதா என்பதையும் கேளுங்கள்.

வேலை நேரத்தை நிறுவனமே நிர்ணயிக்கலாம் என்று தொழிற்பழகுநர் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதித்துவிட்டது. ஆயினும் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரை ஓவர்டைம் வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. அந்த ஒப்புதலும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவைப்பட்டால்தான் தரப்படும். 'எல்லோரும் ஓவர்டைம் பார்க்கிறார்கள், நீயும் பார்' என்று சொன்னால் உங்கள் மகள் மறுக்கலாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பழகுநரையும் ஊழியர் என்றே கணக்கில் கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் அளிக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, அதை அலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைக்குமா? நடுவில் வேறு வேலை கிடைத்தால் விலகலாமா?
– பல வாசகர்கள்

பதில்: பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை. பழகுநர்களை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே தொழிற்பழகுநர் சட்டத்தின் 22ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. சேரும்போதே அந்தக் கொள்கை என்னவென்று மனிதவளப் பிரிவில் கேட்டு வையுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு, மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது நேரடி விண்ணப்பதாரரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. பொதுத்துறைப் பணித் தேர்வுகளில் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது முன்னுரிமைதானே தவிர உத்தரவாதம் ஆகாது. ஓராண்டு இருந்தால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவோம் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

விலகுவதைப் பொறுத்தவரை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் தவறு. பழகுநரே ஒப்பந்தத்தை மீறினால் பயிற்சிச் செலவாக ஆலோசகர் நிர்ணயிக்கும் தொகையைத் திருப்பித் தர நேரலாம். நிறுவனம் மீறினால் அது உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். இரண்டும் 7ஆம் பிரிவில் உள்ளன. வேறு வேலைக்கான ஆணை கையில் வந்ததும் ஒப்பந்தத்தை முடித்துத் தருமாறு நிறுவனத்துக்கும் வாரியத்துக்கும் எழுதிவிட்டு, இணையதளத்தில் உங்கள் ஒப்பந்தம் முடிவடைந்ததாகப் பதிவான பிறகே புதிய இடத்தில் சேருங்கள். பயிற்சி முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், புதிய நிறுவனத்திடம் அந்த ஒரு மாத அவகாசத்தைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சியை முழுமையாக முடித்தவருக்குத்தான் வாரியம் சான்றிதழ் வழங்குகிறது. பதினோரு மாதத்துக்கு எதுவும் வழங்குவதில்லை.